பனிச்சங்கிலி: கழற்றுவதற்காகவே செய்யப்பட்ட ஒரு கருவி

டிசம்பர் நெருங்கினால் வெளிநாட்டில் இருக்கும் நம்மாட்களிடையே ஒரு கேள்வி தவறாமல் கிளம்பும். டாஹோ ஏரிக்கோ, ஆல்ப்ஸ் மலைக்கோ, ஹொக்கைடோவுக்கோ கார் எடுத்துட்டுப் போறோம், டயருக்கு எந்த ஸ்னோ செயின் வாங்குறது? கடைக்குப் போனால் இரும்புச் சங்கிலி, எஃகு வடம், துணியில் தைத்த உறை என்று வகைவகையாகத் தொங்குகிறது. இன்னொரு பக்கம், "ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு அதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்பவரும் உண்டு.

இதற்கு நேரடியாக ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பெயர் அடுத்த வருஷம் மாறிவிடும். பனிச்சங்கிலிக்கு நூற்றியிருபது வருஷ வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது, சட்டம் ஏன் நாட்டுக்கு நாடு மாறுகிறது என்பதெல்லாம் தானாகவே விளங்கும். அந்த வரலாற்றைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன். தேர்வு செய்யும் முறை கடைசியில் வரும்.

பனியை அள்ளாத காலம்

கார் வருவதற்கு முன்னால் பனி விழுந்தால் என்ன செய்தார்கள்? அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் சாலைப் பனியை அள்ளிப் போடவில்லை. குதிரைகளைப் பூட்டிய பெரிய மர உருளையை அதன்மேல் ஓட்டி, அமுக்கி இறுக்கினார்கள். ஏனென்றால் அன்றைய குளிர்கால வாகனம் சறுக்குவண்டி. அதற்குப் பனி வேண்டும். கூரை போட்ட மரப்பாலங்களுக்குள் பனி விழாது என்பதால், வெளியிலிருந்து பனியை வாரிக்கொண்டு வந்து பாலத்துக்குள் பரப்பிய காலம் அது! நம் ஊரில் தேரோட்டத்துக்கு முன் வீதியைச் சீர் செய்வது மாதிரி, அங்கே பனியைச் சீர் செய்திருக்கிறார்கள்.

பிடிமானம் என்பது அப்போது குதிரையின் காலில் இருந்தது. லாடத்தில் கூரான ஆணிகளை அடித்துவிட்டால் குதிரை பனிக்கட்டியில் குத்தி நடக்கும். பின்னால் வரும் வண்டி சும்மா இழுபட்டு வந்தால் போதும். சக்கரத்துக்குச் சங்கிலி போடும் பழக்கமும் அப்போதே உண்டு. ஆனால் அது வேறு காரியத்துக்கு. பாரவண்டி இறக்கத்தில் இறங்கும்போது சக்கரம் சுழலாமல் கட்டி நிறுத்துவதற்கு.

கார் வந்ததும் இந்த ஏற்பாடு தலைகீழானது. இதுவரை இழுபட்டு வந்த சக்கரம், இப்போது தானே தரையைப் பிடித்து வண்டியைத் தள்ள வேண்டும். டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியது 1888இல். மிஷ்லின் சகோதரர்கள் 1895 பாரிஸ்-போர்தோ பந்தயத்தில் அதைக் காரில் மாட்டி ஓட்டினார்கள். சொகுசு கூடியது, பிடிமானம் கூடவில்லை. அன்றைய டயர்களில் பெரும்பாலானவை மேலே பட்டன் எதுவும் இல்லாத வழவழப்பான ரப்பர். இன்றைக்கு நாம் 'மொட்டை டயர்' என்று சொல்லித் தூக்கிப் போடுவோமே, அதுபோலத்தான் அன்றைய புது டயரே இருந்தது. பனி என்றில்லை, மழைச் சேறே போதும், வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். குளிர்காலம் முழுக்கக் காரைக் கொட்டகையில் ஏற்றி நிறுத்திவிட்டு, வசந்தம் வந்ததும் வெளியே எடுத்தவர்கள் ஏராளம்.

கயிறு, கொடி, பிறகு சங்கிலி

நியூயார்க் மாநிலத்தில் கனஸ்டோட்டா என்று ஒரு சிற்றூர். அங்கே இருந்த ஹாரி வீட் என்பவர், கார்க்காரர்கள் சேற்றில் மாட்டினால் டயரைச் சுற்றிக் கயிற்றையும் செடிகொடிகளையும் கட்டி வண்டியைக் கிளப்புவதைப் பார்த்ததாகச் சொல்வார்கள். கயிறு நாலு சுற்றில் அறுந்துவிடும். அதே வேலையை இரும்பில் செய்தால் என்ன என்பதுதான் அவர் யோசனை. 1904 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்கக் காப்புரிமை 768,495 அவருக்குக் கிடைத்தது.

வடிவம் ரொம்ப எளிமை. டயரின் இருபுறமும் வட்டமாக ஓடும் இரண்டு பக்கச் சங்கிலிகள். அவற்றை இணைத்து டயரின் முகப்பில் குறுக்கே போகும் சிறு சங்கிலிகள். பார்க்க ஏணியை வளைத்துச் சுற்றியது போல இருக்கும். அச்சிலோ ரிம்மிலோ எதையும் முடுக்கத் தேவையில்லை. டயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, மாட்டி, மறுபடி காற்றடித்தால் டயரின் உப்பலே அதைப் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் கழற்றி மடித்து உள்ளே போட்டுக்கொள்ளலாம். கடைசியில் சொன்ன அந்தக் குணம் அன்று பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. ஆனால் பின்னால் நடந்ததையெல்லாம் பார்த்தால், இந்தக் கருவி இன்றுவரை பிழைத்திருப்பதற்கு அதுவே காரணம்.

சங்கிலி எவ்வளவு சீக்கிரம் பிரபலமானது என்பதற்கு ஒரு சுவையான சாட்சி உண்டு. 1908இல் நியூயார்க்கில், கட்டுகளிலிருந்து தப்பிக்கும் வித்தைக்காரர் ஹுடினிக்கு வீட் கம்பெனியே ஒரு சவால் விட்டது. எங்கள் டயர் சங்கிலிகளாலும் சக்கரங்களாலும் உங்களைப் பிணைக்கிறோம், முடிந்தால் வெளியே வாருங்கள் என்று. அவர் மேடையில் அதை ஏற்றுத் தப்பித்தும் காட்டினார். கம்பெனிக்கு நல்ல விளம்பரம். அதே 1908இல் ஃபயர்ஸ்டோன், டயரின் முகப்பிலேயே 'நான் ஸ்கிட்' என்ற எழுத்துகளைப் புடைப்பாக வார்த்து விற்கத் தொடங்கியது. வழுக்காத பிடிமானத்தை வெளியிலிருந்து மாட்டுவதா, டயருக்குள்ளேயே வைத்துவிடுவதா என்ற போட்டி அப்போதே ஆரம்பமாகிவிட்டது. அது இன்னும் முடியவில்லை.

சங்கிலி ஏன் வேலை செய்கிறது?

காய்ந்த தார்ச்சாலையில் ரப்பரின் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.8. இறுகிய பனியில் சுமார் 0.2. பனிக்கட்டியில் 0.1 அல்லது அதற்கும் கீழே. இதை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போட்டுப் பாருங்கள். பிரேக் பிடித்தபின் காய்ந்த சாலையில் தோராயமாக 12 மீட்டரில் நிற்கும் வண்டி, இறுகிய பனியில் 50 மீட்டரும் பனிக்கட்டியில் 100 மீட்டரும் ஓடும். எஞ்சின் எத்தனை சக்கரத்தைச் சுழற்றுகிறது என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? ஃபோர் வீல் டிரைவ் வண்டி கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் உதவும். நிறுத்துவதற்கு எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலும் பிரேக் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே பிடிமானம் டயருடையது மட்டும்தான். பனியில் சுலபமாகக் கிளம்ப முடிகிறதே என்ற தைரியத்தில் வேகம் எடுத்து, நிறுத்த முடியாமல் பள்ளத்தில் இறங்கும் வண்டிகளின் கதை இதுதான்.

சங்கிலி இங்கே உராய்வை மட்டும் நம்பவில்லை. வண்டியின் எடையை ஒரு சில இரும்பு வளையங்களின் மேல் குவிக்கிறது. அந்த அழுத்தத்தில் வளையம் பனிக்குள் புதைந்து, பல்சக்கரம் போலக் கவ்வுகிறது. சங்கிலி டயரோடு அசையாமல் ஒட்டியிருக்கவும் கூடாது. ஓடும்போது அது டயரின் மேல் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் டயரின் ஒரே இடம் தேயாது. பனியும் வளையங்களுக்கிடையே அடைத்துக்கொள்ளாமல் உதிரும்.

இதே இரும்பு காய்ந்த சாலையில் எதிரியாகிவிடும். தரையைத் தொடும் ரப்பர் குறைந்து வண்டி வழுக்கும், சங்கிலி தேய்ந்து அறுந்து மட்கார்டை அடிக்கும், சாலையும் கெடும். ஆகவே சங்கிலி மாட்டிய கார் மெதுவாகத்தான் போக வேண்டும். ஜெர்மனியில் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். கலிஃபோர்னியாவில் 25 அல்லது 30 மைல்.

ஆணி டயர்: கழற்ற வேண்டாத தீர்வு

கொட்டும் பனியில் மண்டியிட்டுச் சங்கிலி மாட்டுவது யாருக்குத்தான் பிடிக்கும்? ஃபின்லாந்தில் நோக்கியா டயர் ஆலை 1930களிலேயே குளிர்காலத்துக்கென்று தனி டயர் செய்தது. 1936இல் வந்த ஹக்கபெலித்தா என்ற பெயர் இன்றும் விற்பனையில் இருக்கிறது. 1950களின் இறுதி, 1960களில் நார்டிக் நாடுகளிலிருந்து அடுத்த யோசனை பரவியது. டயரின் ரப்பருக்குள்ளேயே கடினமான உலோக ஆணிகளைப் பதித்துவிடுவது. குதிரை லாடத்தின் ஆணி மறுபடி வந்துவிட்டது. நவம்பரில் மாட்டினால் மார்ச்சில் கழற்றினால் போதும். நடுரோட்டில் கையை விறைக்க வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எல்லாருக்கும் பிடித்துப்போனது.

விலையைக் கொடுத்தது சாலை. ஆணி டயருக்குப் பனியும் தாரும் ஒன்றுதான். பனி இல்லாத நாட்களிலும் அது சுரண்டிக்கொண்டே போகும். சக்கரம் ஓடும் தடத்தில் பள்ளம் விழும். பள்ளத்தில் மழைநீர் தேங்கும், அதுவே புதிய விபத்துக்குக் காரணமாகும். அமெரிக்காவில் மினசோட்டா 1971இல் அதை நிறுத்தியது. மேற்கு ஜெர்மனி 1975இல் தடை செய்தது.

ஜப்பானில் விலை இன்னும் கொடுமையாக இருந்தது. அங்கே ஆணிகள் சுரண்டிய சாலை காற்றில் கலந்தது. செண்டாய், சப்போரோ போன்ற நகரங்களில் குளிர்கால இறுதியில் பனி உருகியதும் தூசிமூட்டம் எழும். மக்கள் முகமூடி போட்டு நடந்தார்கள், துணியை வெளியே காயப்போட முடியவில்லை. நுரையீரலுக்குக் கேடு என்ற புகார் வலுத்தது. மியாகி மாநிலம் 1985இல் முதல் உள்ளூர்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1990இல் ஆணி டயர்த் தூசியைத் தடுக்கத் தேசிய அளவிலேயே தனிச் சட்டம் வந்தது. அதற்குள் மிஷ்லின், பிரிட்ஜ்ஸ்டோன் போன்றவை குளிரிலும் இறுகாத ரப்பரில் ஆணியில்லாத குளிர்கால டயர்களைக் கொண்டுவந்திருந்தன. பிரிட்ஜ்ஸ்டோனின் பிளிஸ்ஸாக் 1988இல் வந்தது.

தூசி அடங்கியது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆணிகள் சுரண்டாத சாலையில் பனியை ஆயிரக்கணக்கான டயர்கள் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்கின. சப்போரோவின் சந்திப்புகளில் கண்ணாடி போன்ற வழுக்குத் தரை 1990களின் புதிய தலைவலி ஆனது. நடந்து போகிறவர்களும் சறுக்கி விழுந்தார்கள். இன்றும் அங்கே குளிர்காலத்தில் மணல், சிறுகல் தூவுகிறார்கள். ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் ஒழுகும் கூரை மாதிரிதான்.

இந்த இடத்தில்தான் சங்கிலியின் அருமை தெரிகிறது. அதுவும் சாலையைக் கெடுக்கும் இரும்புதான். ஆனால் தேவைப்படும் சில கிலோமீட்டர்களில் மட்டும் கெடுக்கும், பிறகு டிக்கிக்குள் போய்விடும். சிரமத்தைச் சாலைக்கும் ஊர்க்காற்றுக்கும் தள்ளிவிடாமல் ஓட்டுகிறவரே ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆணி டயரை விரட்டிய நாடுகளும் சங்கிலியை விட்டுவைத்ததற்கு இதைத்தான் காரணமாகப் பார்க்கிறேன்.

சட்டங்கள் எங்கிருந்து வந்தன

மலைச்சாலைச் சட்டங்களை வெறும் அபராதப் பட்டியலாகப் படிக்கக் கூடாது. அவற்றுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட மனிதர்கள் இருக்கிறார்கள்.

நம்மவர்கள் அதிகம் போகும் டாஹோ பாதையையே எடுத்துக்கொள்வோம். விரிகுடாப் பகுதியிலிருந்து இன்டர்ஸ்டேட் 80இல் ஏறினால் சியரா நெவாடா மலையில் டானர் கணவாய் வரும். 1846 குளிர்காலத்தில் மாட்டுவண்டிகளில் வந்த எண்பதுக்கும் மேற்பட்ட குடியேறிகள் அங்கே பனியில் சிக்கி, ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தார்கள். கணவாயின் பெயரே அவர்களுடைய தலைவர் குடும்பத்தின் பெயர்தான். நூறு வருஷம் கழித்து, 1952 ஜனவரியில், அதே மலையில் 'சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ' என்ற சொகுசு ரயில் 226 பேரோடு மூன்று நாட்கள் பனியில் புதைந்து நின்றது. மாட்டுவண்டி போய் டீசல் எஞ்சின் வந்தாலும் மலை மாறவில்லை.

இன்று அங்கே மூன்று படிகள். ஆர்1 என்றால் சங்கிலி கட்டாயம், ஆனால் 6,000 பவுண்டுக்கு உட்பட்ட, டிரைவ் சக்கரங்களில் ஸ்னோ டயர் உள்ள சிறு வண்டிகளுக்கு விலக்கு. ஆர்2 என்றால் நாலு சக்கரத்திலும் ஸ்னோ டயர் போட்ட ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு மட்டும் விலக்கு. ஆர்3 என்றால் யாருக்கும் விலக்கு இல்லை. பெரும்பாலும் அதற்கு முன்பே சாலையை மூடிவிடுவார்கள். விலக்கு உள்ள வண்டியும் சங்கிலியை உள்ளே வைத்திருக்க வேண்டும். சாலையோரத்தில் சங்கிலி மாட்டிவிடும் ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை, உரிமம் பெற்ற தனியாட்கள். எண் போட்ட பேட்ஜ் அணிந்திருப்பார்கள். சங்கிலியை விற்கவோ வாடகைக்கு விடவோ அவர்களுக்கு அனுமதி கிடையாது. ஆகவே 'அங்க போய்ப் பாத்துக்கலாம்' என்பது அங்கே செல்லாது.

ஜப்பானில் 2018 பிப்ரவரியில் ஃபுக்குய் பகுதியின் தேசிய நெடுஞ்சாலை 8இல் ஏறத்தாழ 1,500 வண்டிகள் பனியில் முடங்கின. மீட்க நாட்கள் ஆயின. அந்தப் பனிப்பொழிவில் காருக்குள் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு உயிர் பலியும் ஆனது. ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட, புகைக்குழாயைப் பனி மூட, விஷம் உள்ளே திரும்பிவிடுகிறது. அதே வருஷம் டிசம்பரில் புதிய விதி வந்தது. கடும் பனியில், அடையாளமிட்ட 13 மலைப்பகுதிகளில், குளிர்கால டயர் இருந்தாலும் சங்கிலி இல்லாமல் போக முடியாது. டயருக்குள்ளேயே எல்லாம் வந்துவிட்டது என்று நம்பிய நாடு மறுபடி சங்கிலிக்குத் திரும்பியிருக்கிறது.

ஐரோப்பாவில் நீல வட்டத்துக்குள் சங்கிலி சுற்றிய டயர் வரைந்திருந்தால், அதைத் தாண்டிச் சங்கிலி கட்டாயம் என்று பொருள். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பனிச்சூழலில் குளிர்கால டயர் வேண்டும். பிரான்ஸில் 2021 முதல் நவம்பர் 1 - மார்ச் 31 காலத்தில், குறிப்பிட்ட மலைப்பகுதிகளில் குளிர்கால டயரோ, இரண்டு டிரைவ் சக்கரங்களுக்கான சங்கிலியோ இருக்க வேண்டும். அங்கே துணி உறையும் செல்லும். காலையில் ஒரு நாட்டில் கிளம்பி மாலையில் இன்னொரு நாட்டில் இறங்குகிறவர்கள் போகும் வழி நெடுக விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்போ எதை வாங்குவது?

முதலில் டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 205/55 ஆர்16 என்று இருந்தால், அகலம் 205 மில்லிமீட்டர், உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். மூன்றும் பொருந்தும் சங்கிலிதான் வேண்டும். 'ஏறத்தாழ இதே சைஸ்' என்பது அறுந்துபோகும் சங்கிலி.

இரண்டாவது, இடைவெளி. இன்றைய கார்களில் டயருக்கும் உள்ளிருக்கும் சஸ்பென்ஷன், பிரேக் குழாய்க்கும் இடையே இடம் ரொம்பக் குறைவு. வண்டியின் கையேட்டில் 'கிளாஸ் எஸ்' மட்டும் என்று போட்டிருந்தால், பக்கவாட்டில் 15 மில்லிமீட்டர் இடத்துக்குள் அடங்கும் சங்கிலி வேண்டும். சில வண்டிகளுக்குச் சங்கிலியே கூடாது என்றும் இருக்கும்.

மூன்றாவது, எந்தச் சக்கரம். பொதுவாக எஞ்சின் சுழற்றும் சக்கரங்களில்தான். முன்சக்கர டிரைவ் வண்டியில் முன்னால் மட்டும் சங்கிலி இருந்தால் இறக்கத்தில் பின்பக்கம் வீசிக்கொண்டு வரலாம். அதனால் வளைவில் திடீரென்று பிரேக் மிதிக்கக் கூடாது. ஃபோர் வீல் டிரைவுக்குக் கையேடு சொல்வதுதான் வேதம்.

நான்காவது, வகை. ஏணி வடிவம் விலை குறைவு, ஆனால் பக்கவாட்டுப் பிடிமானம் குறைவு. வைரக்கட்ட வடிவத்தில் டயரின் ஏதாவது ஒரு வளையம் எப்போதும் தரையில் இருக்கும், அதனால் அதிர்வும் சறுக்கலும் குறையும். மலையில் பல நாள் ஓட்டப் போகிறவர்களுக்கு அதுதான் நல்லது. எஃகு வடம் மெல்லியது, இடைவெளி குறைந்த வண்டிக்கு ஏற்றது, ஆழமான பனியில் பலம் குறைவு. துணி உறை மாட்டச் சுலபம். ஆனால் காய்ந்த சாலையில் சீக்கிரம் கிழியும். எல்லா நாட்டிலும் சங்கிலிக்கு ஈடாக ஏற்கப்படுவதும் இல்லை.

ஐந்தாவது, வாடகைக் கார். சங்கிலி மாட்டினால் வரும் சேதத்துக்குப் பொறுப்பு உங்களுடையது என்றோ, மாட்டவே கூடாது என்றோ ஒப்பந்தத்தில் இருக்கலாம். சாலை விதி மாட்டச் சொல்லும், ஒப்பந்தம் தடுக்கும். நடுவில் மாட்டிக்கொள்வது நீங்கள். முன்பதிவு செய்யும்போதே குளிர்கால டயர் உண்டா, சங்கிலி தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு இரண்டு மாடல்களுக்கு இடையே தயக்கம் இருந்தால், வேகமாக மாட்டவும் கழற்றவும் முடிகிற ஒன்றை எடுங்கள். கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலில், கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். மாட்டியபின் நூறு மீட்டருக்குள் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும், அதையும் பழகிக்கொள்ளுங்கள். டிக்கியில் கையுறை, டார்ச், மண்டியிட ஒரு பழைய பாய், குடிநீர், போர்வை இருக்கட்டும். பனியில் நின்றுபோய் ஹீட்டரை ஓடவிட்டால், புகைக்குழாயைச் சுற்றிப் பனியை அடிக்கடி அகற்றுங்கள்.

மாட்டத் தயங்குகிறவர் தாமதமாக மாட்டுவார், கழற்றத் தயங்குகிறவர் காய்ந்த சாலையிலும் அதோடே ஓட்டுவார். இரண்டும் ஆபத்துதான். சாலை வெளுத்தால் மாட்டுங்கள், மறுபடி கறுத்தால் ஓரமாக நிறுத்திக் கழற்றுங்கள்.